டிராகுலாவை எழுதிய தியேட்டர் மேனேஜர்: பிராம் ஸ்டோக்கர் நம்மைப் பயத்தோடு காக்க வைத்தது எப்படி?

ஒரு தந்தி 22 மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறது. அனுப்பியவர் ஒரு பேராசிரியர், பெற வேண்டியவர் அவருடைய பழைய மாணவரான ஒரு இளம் டாக்டர். விஷயம் இதுதான்: இன்றிரவு அந்தப் பெண்ணின் வீட்டில் கட்டாயம் காவல் இருக்க வேண்டும். முகவரியில் மாவட்டத்தின் பெயர் விட்டுப்போனதால் தந்தி வேறு ஊருக்குப் போய்விட்டு மறுநாள்தான் டாக்டரின் கைக்கு வருகிறது. அதற்குள் அந்த இரவு முடிந்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் பேய் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனாலும் படிக்கிறவருக்கு வயிற்றைப் பிசைகிறது. அவசரமாக அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். தந்தி தாமதமாகக் கிடைத்தது என்ற குறிப்பைத்தான் கதை முதலில் நமக்குக் காட்டுகிறது. அந்த வீட்டில் இரவு என்ன நடந்தது என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, என்ன என்று தெரிய சில பக்கங்கள் காத்திருக்க வேண்டும்.

1897-ல் வெளியான ‘டிராகுலா’ நாவலில் வரும் இடம் இது. இதை எழுதிய பிராம் ஸ்டோக்கர் முழுநேர எழுத்தாளர் கிடையாது. லண்டனில் ஒரு பெரிய தியேட்டரின் மேனேஜர். தந்தி, ரயில் அட்டவணை, கணக்குப் புத்தகம், டிக்கெட் வசூல் இவற்றோடு தினமும் மல்லுக்கட்டியவர். உலகத்தின் மிகப் பிரபலமான திகில் கதை இப்படிப்பட்ட ஒரு ஆபீஸ் ஆளிடமிருந்து ஏன் வந்தது என்பதற்கு அவருடைய வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது.

படுக்கையில் கழிந்த ஏழு வருடம்

ஸ்டோக்கர் 1847 நவம்பர் 8-ம் தேதி அயர்லாந்தில், டப்ளின் நகரை ஒட்டிய க்ளான்டார்ஃப் என்ற கடலோரப் பகுதியில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூன்றாவது. என்ன நோய் என்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லாத ஏதோ ஒன்றால், கிட்டத்தட்ட ஏழு வயது வரை அவரால் தானாக எழுந்து நிற்க முடியவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த பையனுக்குப் பொழுதுபோக்கு, அம்மா சொன்ன கதைகள்.

அம்மா சார்லட் சொன்னவை ராஜா ராணி கதைகள் அல்ல. 1832-ல் அவருடைய சொந்த ஊரான ஸ்லைகோவில் காலரா பரவியபோது அவர் சிறுமி. ஊரே காலியானதை நேரில் பார்த்தவர். உயிர் முழுதாகப் போகும் முன்பே புதைக்கப்பட்டவர்களைப் பற்றி எல்லாம் மகனிடம் சொல்லியிருக்கிறார். அதில் ஒன்று, உயரமான ஒரு ராணுவக்காரரின் கதை. இறந்துவிட்டார் என்று நினைத்து சவப்பெட்டியில் வைக்கப் பார்த்தார்கள், பெட்டி சின்னதாக இருந்தது. கால்களை உடைத்து உள்ளே வைக்கலாம் என்று சுத்தியலை ஓங்கி அடித்த முதல் அடியிலேயே அந்த ஆள் விழித்துக்கொண்டார். வளர்ந்த பிறகு ஸ்டோக்கர் கேட்டுக்கொண்டதால் அம்மா இந்த நினைவுகளை எழுதியே கொடுத்தார்.

இந்தக் கதையில் அந்தப் பையன் அம்மாவிடம் எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருப்பான்? சுத்தியல் ஓங்கிய இடத்தில்தானே. அவர் உயிர் பிழைத்தது நிம்மதி. அதற்கு முந்தைய நொடிதான் திகில்.

ஆச்சரியம் என்னவென்றால், எழுந்து நிற்க முடியாத அந்தப் பையன் வளர்ந்து ஆஜானுபாகுவான ஆளாகி, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் விளையாட்டு வீரராகப் பரிசுகள் வாங்கினார். பிறகு அப்பாவைப் போலவே டப்ளினில் அரசாங்க குமாஸ்தா வேலை. அவர் எழுதிய முதல் முழுநீளப் புத்தகம் எது தெரியுமா? அயர்லாந்தின் கீழ்நிலை நீதிமன்ற குமாஸ்தாக்கள் எப்படி வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லும் கையேடு. 1879-ல் வெளிவந்தது. சுவாரசியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் தேதி, படிவம், பதிவேடு என்று ஒழுங்காக எழுதும் கை அங்கேதான் பழகியது.

தெரிந்த கவிதைக்கு ஏன் நடுங்க வேண்டும்?

வேலை நேரம் போக, டப்ளின் ஈவினிங் மெயில் பத்திரிகைக்குச் சம்பளம் இல்லாமல் நாடக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பத்திரிகையின் பங்குதாரர்களில் ஒருவர் ஷெரிடன் லெ ஃபனு. ‘கார்மில்லா’ என்ற ரத்தக்காட்டேரிக் கதையை எழுதிய அதே லெ ஃபனு.

1876 டிசம்பரில் அந்தக் காலத்தின் சூப்பர் ஸ்டார் நடிகர் ஹென்றி இர்விங் டப்ளினுக்கு ஹாம்லெட் நடிக்க வந்தார். ஸ்டோக்கரின் விமர்சனம் பிடித்துப்போய் விருந்துக்குக் கூப்பிட்டார். விருந்து முடிந்ததும், கொலை செய்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் வேகும் ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றிய கவிதையை இர்விங் நடித்துச் சொன்னார். தாமஸ் ஹூட் எழுதிய, அப்போது பலருக்கும் மனப்பாடமாக இருந்த கவிதை. ஸ்டோக்கருக்கும் அது புதிதல்ல. ஆனாலும் சொல்லி முடித்தபோது அந்த ஆறடி ஆள் கட்டுப்படுத்த முடியாமல் ஹிஸ்டீரியா வந்தவர் போல உடைந்துபோனார். பல வருடங்கள் கழித்து அதை வெட்கப்படாமல் தானே எழுதியும் வைத்தார்.

திகில் கதை எழுத நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருந்தும் ஸ்டோக்கர் நடுங்கினார். அப்படியானால் அவரை உலுக்கியது திருப்பம் அல்ல. எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் காக்க வைப்பது என்ற கணக்கு. ஜம்ப் ஸ்கேர் படத்தை இரண்டாவது முறை பார்த்தால் கொட்டாவி வருவதும், நல்ல பேய்ப் படம் இரண்டாவது முறையும் கையைப் பிசைய வைப்பதும் இந்த வித்தியாசத்தால்தான்.

1878-ல் இர்விங் லண்டனில் லைசியம் தியேட்டரைக் கையில் எடுத்ததும் ஸ்டோக்கரை மேனேஜராக அழைத்தார். அரசாங்க வேலையை விட்டுவிட்டு, டிசம்பரில் ஃப்ளாரன்ஸ் பால்கோம்பைத் திருமணம் செய்துகொண்டு, சில நாட்களிலேயே வேலையில் சேர்ந்துவிட்டார். (ஃப்ளாரன்ஸை அதற்கு முன் விரும்பியவர் ஆஸ்கர் வைல்ட். அது தனிக் கதை.) அடுத்த 27 வருடங்கள் இர்விங்கின் நிழலாகவே ஓடின. கடிதங்கள், கணக்குகள், விருந்தினர் உபசரிப்பு, முழு நாடகக் குழுவோடு அமெரிக்கச் சுற்றுப்பயணங்கள். தினமும் இரவில் தியேட்டரில் ஒரு வித்தையைப் பார்த்தார்: முக்கிய நடிகர் எப்போது உள்ளே வருகிறார் என்பதைவிட, வருவதற்கு முன் அரங்கம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதில்தான் கைதட்டல் இருக்கிறது.

ஏழு வருடக் குறிப்புகள்

‘டிராகுலா’வுக்கான அவருடைய முதல் தேதியிட்ட குறிப்பு 1890 மார்ச் 8. புத்தகம் வந்தது 1897 மே 26. நடுவில் ஏழு வருடம். வேலைக்கு நடுவே கிடைத்த விடுமுறைகளில் எழுதியதால் இவ்வளவு காலம்.

1890 கோடையில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் இருக்கும் விட்பி ஊருக்குக் குடும்பத்தோடு போனார். அங்கே நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் என்பவர் வாலேக்கியா, மால்டேவியா பகுதிகளைப் பற்றி எழுதிய பழைய புத்தகத்தில் டிராகுலா என்ற பெயரைப் பார்த்தார். அதுவரை தன் வில்லனுக்கு வைத்திருந்த பெயர் கவுண்ட் வாம்பயர். நல்லவேளை, மாற்றினார்! ஊர்க் கடலோரக் காவலர்களிடம் பேசி, 1885-ல் அங்கே கரை தட்டிய டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பலைப் பற்றிக் குறித்துக்கொண்டார். நாவலில் அது டிமீட்டர் ஆனது. கல்லறைக் கற்களில் இருந்த பெயர்களைக்கூட எழுதி வைத்தார்.

விளாத் என்ற கொடூர மன்னனின் கதையைத்தான் ஸ்டோக்கர் எழுதினார் என்று யூடியூபில் நிறைய வீடியோக்கள் சொல்கின்றன. அவருடைய குறிப்புகளில் விளாத் என்ற பெயரே இல்லை. டிரான்சில்வேனியாவுக்கு அவர் போனதும் இல்லை. வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ரிச்சர்ட் பர்ட்டனோடு அவருக்குப் பழக்கம் இருந்தது. பர்ட்டன் பேசும்போது உதடு மேலேறி கோரைப்பல் மின்னியதைப் பின்னாளில் ஒரு புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நம் விக்கிரமாதித்தனின் வேதாளத்துக்கும் டிராகுலாவுக்கும் இவ்வளவு அருகில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் நிஜம்.

குறிப்புகளில் முக்கியமானது நாட்காட்டிதான். எந்தத் தேதியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று நாள் வாரியாகப் போட்டு வைத்திருந்தார். நாவல் முழுக்கவே டைரி, கடிதம், தந்தி, கப்பல் பதிவு, பத்திரிகைச் செய்தி என்று தேதியோடுதான் நகர்கிறது. அந்தத் தேதிகளை வைத்துத்தான் பயத்தைக் கட்டினார்.

முதல் நான்கு அத்தியாயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோனாதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞர், லண்டனில் வீடு வாங்கும் ஒரு பிரபுவைப் பார்க்க டிரான்சில்வேனியாவுக்குப் போகிறார். இன்றைய மொழியில் சொன்னால் கிளையன்ட் விசிட். ரயில் லேட், சாப்பாடு காரம், செய்முறை வாங்கி வைக்க வேண்டும் என்றெல்லாம் டைரியில் எழுதுகிறார். விடுதிக்கார அம்மா மண்டியிட்டுக் கெஞ்சி, போகாதே என்கிறார். கேட்காததால் தன் கழுத்தில் இருந்த சிலுவை மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிடுகிறார். வாங்கிக்கொள்ளவே ஜோனாதனுக்குச் சங்கடமாக இருக்கிறது. வழியில் ஊர் மக்கள் கண் திருஷ்டி கழிப்பதுபோல விரல்களை நீட்டுகிறார்கள். நள்ளிரவில் வந்து ஏற்றிக்கொள்ளும் வண்டிக்காரனின் பிடி இரும்பு மாதிரி இருக்கிறது. கோட்டைக்குள் பிரபு கை கொடுக்கும்போதும் அதே பிடி.

இதில் எதற்கும் கதை அழுத்தம் கொடுப்பதில்லை, ஜோனாதனும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சில நாள் கழித்து முகம் மழிக்கும்போது பிரபு பின்னால் வந்து நிற்கிறார், கண்ணாடியில் ஆளையே காணோம். பதறியதில் கத்தி கீறி ரத்தம் வர, பிரபுவின் கை கழுத்துக்குப் பாய்கிறது. மாலையைத் தொட்டதும் பின்வாங்குகிறது. சங்கடத்தோடு வாங்கிய பொருள் உயிரைக் காப்பாற்றிவிட்டது. அதே நாளில் பிரபுவே படுக்கையை விரிப்பதைப் பார்த்துவிடுகிறார். அப்போதுதான் புரிகிறது, அந்தப் பெரிய கோட்டையில் வேலைக்காரர்கள் யாருமே இல்லை. அப்படியானால் ஓநாய்களைக் கையசைத்து விலக்கிய அந்த வண்டிக்காரன் யார்?

சினிமா டிஸ்கஷனில் லீடு வைப்பது என்பார்களே, அதுதான் இது. ஆனால் ஸ்டோக்கர் லீடு வைக்கும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எதையும் மர்மப் பொருளாகக் காட்டுவதில்லை. மாலை ஒரு மரியாதைப் பிரச்சினையாக வருகிறது, கை ஒரு சாதாரண கவனிப்பாக வருகிறது. பயணத்தின் அலுப்போடு கலந்து வருவதால் நாம் சந்தேகப்படுவதில்லை, ஆனால் மறப்பதும் இல்லை.

என் கணக்கில் அந்த நான்கு அத்தியாயங்களிலேயே கொடூரமான இடம் எது என்றால், பிரபு மூன்று கடிதங்களை எழுதச் சொல்லும் இடம். சுவரில் தலைகீழாக அவன் பல்லி மாதிரி இறங்குவதைக்கூட நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். வேலை முடியப்போகிறது, கிளம்பிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறேன் என்று மூன்று கடிதங்களுக்கும் முன்கூட்டியே தேதி போடச் சொல்கிறான்: ஜூன் 12, ஜூன் 19, ஜூன் 29. தன் ஆயுள் எந்தத் தேதி வரை என்று ஜோனாதனுக்கு அப்போது தெரிந்துவிடுகிறது. நமக்கும். இனி நாவல் எதையும் கத்திச் சொல்ல வேண்டியதில்லை. டைரியில் தேதி மாறினாலே போதும், நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் நம்மை நிறுத்திவிட்டு ஸ்டோக்கர் ஒரு வேலை செய்கிறார். ஐந்தாம் அத்தியாயத்தில் சட்டென்று இங்கிலாந்துக்குத் தாவி, லூசி, மினா என்ற இரண்டு தோழிகளின் கடிதங்களைக் காட்டுகிறார். லூசிக்கு ஒரே நாளில் மூன்று பேர் காதலைச் சொல்லிவிட்டார்களாம், அந்த அரட்டை. ஜோனாதன் என்ன ஆனார்? சொல்லமாட்டார். அதற்குப் பிறகு பிரபுவை நாம் கிட்டத்தில் பார்ப்பதே அபூர்வம். 27 அத்தியாயங்கள் உள்ள நாவலின் பெரும்பகுதியில் வில்லன் கண்ணில் படுவதில்லை. ஒரு வௌவால், ஒரு பனிமூட்டம், கப்பலிலிருந்து குதித்து ஓடும் ஒரு நாய், கழுத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள், அவ்வளவுதான்.

அந்தப் புள்ளிகளை மினா பார்க்கிறாள். நள்ளிரவில் தூக்கத்தில் நடந்து போன லூசிக்குச் சால்வையைப் போர்த்தி ஊக்கு குத்தும்போது தோலில் பட்டுவிட்டது போல என்று நினைத்து மன்னிப்புக் கேட்கிறாள். படிக்கிற நமக்குப் பகீர் என்கிறது. ஏனென்றால் கோட்டையில் நடந்ததை நாம் படித்துவிட்டோம், அவள் படிக்கவில்லை. பிறகு பேராசிரியர் வான் ஹெல்சிங் லூசியின் அறை முழுக்கப் பூண்டுப் பூக்களை வைத்துவிட்டுப் போகிறார். காற்றே இல்லையே என்று பாசமுள்ள அம்மா வந்து பூக்களை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறார். ஆபத்தைக் கொண்டுவருவது கெட்டவன் இல்லை, அம்மாவின் அக்கறை. நமக்கு எல்லாம் தெரியும், யாருக்கும் சொல்ல முடியாது. முதலில் பார்த்த அந்தத் தந்தி இதற்குப் பிறகுதான் வருகிறது.

எங்கே சறுக்கினார்?

நாவல் முழுக்க இப்படி இல்லை. வான் ஹெல்சிங் எல்லோரையும் உட்காரவைத்து ரத்தக்காட்டேரியின் விதிமுறைகளை விளக்கிய பிறகு, வாசகருக்கும் கதாபாத்திரங்களுக்கும் இருந்த அந்த இடைவெளி போய்விடுகிறது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். பிறகு நடப்பது துரத்தல். ரயில், படகு, குதிரை என்று பரபரப்பு இருக்கிறது, பயம் குறைகிறது. கடைசியில் பிரபு சாகும் காட்சி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. ஒரு தகவல்: நாவலில் அவன் பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான். வெயில் பட்டால் சாவான் என்பது பின்னால் சினிமா சேர்த்தது.

இன்னொரு சறுக்கலை அவரே மேடையில் நடத்திக் காட்டினார். புத்தகம் வருவதற்கு எட்டு நாள் முன்பு, 1897 மே 18 அன்று, நாடக உரிமையைப் பதிவு செய்வதற்காக லைசியத்தில் ‘டிராகுலா’ படிக்கப்பட்டது. சட்டத்துக்காக நடத்திய சடங்கு. அச்சுப் பிரதிகளை வெட்டி ஒட்டி, பேச்சு வசனமாக மாற்றி, நான்கு மணி நேரத்துக்கும் மேல் படித்தார்கள். டைரிக்கும் டைரிக்கும் நடுவே இருந்த மௌனம், வராத கடிதம், தாமதமான தந்தி எதற்கும் அதில் இடமில்லை. கதை இருந்தது, காத்திருப்பு இல்லை. இர்விங் பிரபு வேடத்தில் நடிப்பார் என்று ஸ்டோக்கருக்கு ஆசை இருந்ததாகச் சொல்வார்கள். இர்விங் கடைசி வரை நடிக்கவில்லை.

புத்தகம் ஆறு ஷில்லிங் விலையில், மஞ்சள் அட்டையில் வந்தது. விமர்சனங்கள் பரவாயில்லை. அம்மா சார்லட் படித்துவிட்டு, மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வரிசையில் வைத்துப் பாராட்டி, இது உனக்குப் பேரும் நிறையப் பணமும் கொண்டுவரும் என்கிற பொருளில் கடிதம் எழுதினார். பணம் வரவில்லை. அடுத்த வருடமே லைசியத்தின் செட்டுகள் வைத்திருந்த கிடங்கு எரிந்துபோனது. 1902-ல் லைசியத்தில் இர்விங்கின் காலம் முடிந்தது. 1905-ல் இர்விங் இறந்தார். அடுத்த வருடம் ஸ்டோக்கருக்குப் பக்கவாதம். 1911-ல் எழுத்தாளர்களுக்கு உதவும் ராயல் லிட்டரரி ஃபண்டுக்கு மனுப் போட்டு 100 பவுண்டு வாங்க வேண்டிய நிலை.

1912 ஏப்ரல் 20-ம் தேதி, டைட்டானிக் மூழ்கிய ஐந்தாவது நாள், லண்டனில் அவர் இறந்தார். வயது 64. பத்திரிகைகளில் இடமெல்லாம் கப்பலுக்குப் போனது. அஞ்சலிக் குறிப்புகளிலும் அவர் பெரும்பாலும் இர்விங்கின் மேனேஜராகத்தான் நினைவுகூரப்பட்டார்.

பத்து வருடம் கழித்து, அனுமதி வாங்காமல் பெயர்களை மட்டும் மாற்றி ஜெர்மனியில் ‘நோஸ்ஃபெரட்டு’ படம் எடுத்தார்கள். ஃப்ளாரன்ஸ் விடாமல் வழக்கு நடத்தி, 1925-ல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி உத்தரவு வாங்கினார். சில பிரதிகள் தப்பித்துவிட்டன. 1927-ல் பிராட்வே நாடகம், 1931-ல் ஹாலிவுட் படம் என்று டிராகுலா உலகம் முழுக்கத் தெரிந்த பெயரானது ஸ்டோக்கர் போன பிறகுதான்.

அந்த ஏழு வருடக் குறிப்புகளைக் குடும்பம் 1913-ல் லண்டனில் ஏலம் விட்டது. போன விலை சுமார் 2 பவுண்டு. பல கை மாறி, இப்போது அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். அவற்றில் ஒரு நாட்காட்டியும் இருக்கிறது, அவசர அவசரமாகக் கிறுக்கிய கையெழுத்தில், எந்தத் தேதியில் யார் எங்கே இருக்க வேண்டும் என்று.